ஒட்டும் பாடமும்: தமிழ் மின்பாடத் திருத்தங்களைப் பதிவதற்கு முன் பொருத்தம் சோதித்தல்

ஆய்வுச்சுருக்கம்

கணினி நிரல்களிலும் மின்பாடங்களிலும் செய்யப்படும் திருத்தங்கள் ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டுக் கோப்புகளாகப் பரிமாறப்படுகின்றன. ஓர் ஒட்டு மூலக்கோப்பில் சீராகப் பொருந்துகிறதா என்பதைப் பதிவதற்கு முன்பே சோதிக்கும் வசதி இக்கருவிகளில் உண்டு. அச்சோதனை உண்மையில் எதனை உறுதிசெய்கிறது, எதனை உறுதிசெய்வதில்லை என்பதை இக்கட்டுரை தமிழ் ஒருங்குறிப் பாடங்களை முன்வைத்து ஆராய்கிறது. தமிழைப் பொறுத்தவரை இச்சோதனை ஓரிடத்தில் தேவைக்கு மேல் கடுமையாகவும் மற்றோரிடத்தில் தேவைக்குக் குறைந்த விழிப்புடனும் செயற்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: ஒட்டு, சூழல் வரி, ஒருங்குறி, இயல்பாக்கம், பாடவேறுபாடு, மின்பாடப் பதிப்பு

1. பிழைதிருத்தப் பட்டியலிலிருந்து ஒட்டுக்கு

அச்சு நூல்களின் இறுதியில் ‘பிழை – திருத்தம்’ என்னும் பட்டியல் இடம்பெறுவதைப் பதிப்பியல் பயில்வோர் அறிவர். பக்கம், வரி, பிழையான வடிவம், திருத்திய வடிவம் என நான்கு கூறுகளை அப்பட்டியல் கொண்டிருக்கும். அது எந்தப் பதிப்பிற்காக அமைக்கப்பட்டதோ அந்தப் பதிப்பிற்கு மட்டுமே பயன்படும். அடுத்த பதிப்பில் முன்னுரை நான்கு பக்கம் நீண்டுவிட்டால் பட்டியலின் பக்க எண்கள் அனைத்தும் பயனற்றுப் போகும். படிப்பவர் மனிதராக இருப்பதால் பிழையான சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறார். இயந்திரத்திற்கு அவ்வாறு தேடும் அறிவை எவ்வாறு ஊட்டுவது என்பதே ஒட்டுக் கருவிகளின் வரலாறு எனலாம்.

இரு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் ‘டிஃப்’ என்னும் நிரல் பெல் ஆய்வகத்தில் 1970களின் முற்பகுதியில் உருவாயிற்று. அதன் வழிமுறையை ஜேம்ஸ் ஹண்ட், டக்ளஸ் மெக்கில்ராய் ஆகிய இருவரும் 1976இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டனர். தொடக்ககால வெளியீட்டு வடிவம் வரி எண்ணையும் மாறிய வரிகளையும் மட்டுமே தந்தது. அவ்வகையில் அது பிழைதிருத்தப் பட்டியலையே ஒத்திருந்தது. அதற்குரிய குறையும் அதற்கு இருந்தது. மாறிய வரிக்கு முன்னும் பின்னும் உள்ள மாறாத வரிகளையும் சேர்த்துத் தரும் சூழல் வடிவம் பின்னர்த் தோன்றியது. 1985இல் லாரி வால் வெளியிட்ட ‘பேட்ச்’ நிரல் அச்சூழல் வரிகளைத் துணையாகக் கொண்டு, வரி எண் பிறழ்ந்திருந்தாலும் உரிய இடத்தைத் தேடித் திருத்தத்தைப் பொருத்தியது. 1990இல் வேய்ன் டேவிசன் அமைத்த ஒருங்கிணைந்த வடிவமே இன்று பெருவழக்காக உள்ளது.

எனவே ஒட்டு என்பது தான் எவ்விடத்திற்கு உரியது என்பதைத் தன்னுடனேயே சுமந்துவரும் திருத்தமாகும். வழக்கமாக, மாறிய வரிக்கு முன் மூன்றும் பின் மூன்றுமாக ஆறு வரிகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன. அந்த ஆறு வரிகளின் சான்று எவ்வளவு வலியது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. பொருத்தச் சோதனை இயங்கும் முறை

பேட்ச் நிரலில் ‘டிரை-ரன்’ என்னும் விருப்பைச் சேர்த்தால் கோப்பு எதுவும் மாறாமல், மாறியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது மட்டும் அறிவிக்கப்படும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய ‘கிட்’ பதிப்புமேலாண்மைக் கருவியில் ‘அப்ளை’ கட்டளையுடன் ‘செக்’ என்னும் விருப்பு அப்பணியைச் செய்கிறது. இரண்டும் ஒரே பணியைச் செய்வனபோல் தோன்றினும் அவற்றின் அளவுகோல் வேறு.

பேட்ச் நிரல் தளர்வுடையது. சூழல் வரிகள் முழுமையாகப் பொருந்தாதபோது, ஓரங்களிலுள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் புறக்கணித்து மீண்டும் முயலும். இயல்புநிலையில் இத்தளர்வு இரண்டு வரி வரை அனுமதிக்கப்படுகிறது. ஒரு துண்டு எவ்வகையிலும் பொருந்தாவிடின் அதனைத் தள்ளுபடிக் கோப்பில் எழுதிவிட்டு ஏனைய துண்டுகளைப் பொருத்தும். ஆகவே பாதி திருந்தியும் பாதி திருந்தாமலும் ஒரு கோப்பு எஞ்ச வாய்ப்புண்டு. இரு மூலப்படிகளைக் கலந்து எழுதிய ஏட்டைக் கண்ட பதிப்பாசிரியருக்கு இந்நிலையின் தீமையை விளக்க வேண்டியதில்லை. கிட் கருவியோ இயல்புநிலையில் சூழல் வரி எதனையும் புறக்கணிப்பதில்லை. ஒரு துண்டு பொருந்தாவிடினும் ஒட்டு முழுவதையும் மறுத்துவிடும்.

கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ‘செக்’ விருப்பு தனித்து நிற்கும்போது, ஆய்வாளரின் கணினியில் அவ்வேளையில் உள்ள கோப்பையே ஒப்பிடுகிறது. அதில் இன்னும் பதியப்படாத அவருடைய சொந்தத் திருத்தங்கள் இருக்கலாம். அவற்றோடு பொருந்திய ஒட்டு, களஞ்சியத்தில் உள்ள பாடத்தோடு பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. ‘இன்டெக்ஸ்’ என்னும் விருப்பையும் சேர்த்தால் பதிவுக்கு நிற்கும் படியும் பணிக்கோப்பும் ஒருசேரச் சோதிக்கப்படும். தூய படியொன்றைத் தனியே எடுத்து அதில் சோதிப்பது இன்னும் நன்று.

3. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

கருவிகள் எழுத்தை ஒப்பிடுவதில்லை. எழுத்திற்குரிய எண் தொடர்களையே ஒப்பிடுகின்றன. தமிழில் இவ்வேறுபாடு பெரிது. ‘கொ’ என்னும் உயிர்மெய்யை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியைத் தனியொரு குறியாக வைப்பது ஒரு வகை. பதின்ம எண்ணில் அது 2965, 3018 என்னும் தொடராகும். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே வைப்பது மற்றொரு வகை. அது 2965, 3014, 3006 என்னும் தொடராகும். ‘யூ.டி.எஃப்-8’ முறையில் முன்னது 6 பைட்டும் பின்னது 9 பைட்டும் கொள்ளும். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது. ஆனால் பேட்ச் நிரலுக்கும் கிட் கருவிக்கும் அவை வெவ்வேறு.

இணைவடிவம் தமிழ்க் கோப்புகளில் வந்துசேரக் காரணம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஒருங்குறிக்கு முந்தைய ‘டிஸ்கி’ போன்ற குறியேற்றங்கள் வரிவடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. கொம்பு, மெய், கால் என எழுதும் வரிசையிலேயே அவை சேமித்தன. அவ்வகைக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல், கொம்பை மெய்யின் பின்னே நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டிருந்தால் இணைவடிவம் எஞ்சும். அதே பாடத்தைப் பின்னர் ஒருவர் புதிதாகத் தட்டச்சிடும்போது தனிவடிவம் அமையும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். சொற்பொருள் கோப்பொன்றில் ‘கொடை’, ‘கொண்மூ’, ‘கொழுநன்’ ஆகிய சொற்கள் அடுத்தடுத்த வரிகளில் உள்ளன என்க. களஞ்சியத்தில் அவை இணைவடிவில் உள்ளன. திருத்துபவர் ஒருவர் ‘கொண்மூ’ என்பதன் பொருள்விளக்கத்தில் உள்ள ஒரு பிழையைத் திருத்தி ஒட்டு அனுப்புகிறார். அவருடைய உரைத்தொகுப்பி கோப்பைத் திறந்தபோதே எல்லாவற்றையும் தனிவடிவிற்கு மாற்றியிருந்தால் இரண்டில் ஒன்று நிகழும். மாற்றப்படாத மூலத்தோடு ஒப்பிட்டு ஒட்டு அமைத்தாரெனின், ஒகர ஓகாரம் வரும் வரிகள் அனைத்தும் திருத்தப்பட்டனவாகத் தோன்றும். ஒரு சொல்லைத் திருத்த வந்தவர் நூல் முழுவதையும் மாற்றியவராவார். மாற்றப்பட்ட படியையே மூலமாகக் கொண்டு ஒட்டு அமைத்தாரெனின், சூழல் வரிகள் களஞ்சியத்தோடு ஒவ்வாமல் ஒட்டு மறுக்கப்படும். மறுப்புச் செய்தியைப் பார்ப்பவர் இரு வரிகளையும் அருகருகே வைத்து எத்தனை முறை நோக்கினும் வேறுபாடு புலப்படாது.

இம்மறுப்பைக் கண்டு பொறுமையிழந்து தளர்வைக் கூட்டுவது பிழையான மருந்து. தளர்வு எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் ஏற்பாடு அன்று. சான்று வரிகளைக் கைவிடும் ஏற்பாடு. சரியான வழி, இரு படிகளையும் ஒரே இயல்பு வடிவிற்குக் கொணர்வதாகும். ஒருங்குறித் தரத்தின் கூட்டுவடிவ இயல்பாக்கம் எகரக் குறியும் காலும் அடுத்துவரும் இடங்களை ஒகரக் குறியாகவும், ஏகாரக் குறியும் காலும் அடுத்துவரும் இடங்களை ஓகாரக் குறியாகவும் ஆக்கும்.

எனினும் இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது. கால் முன்னும் கொம்பு பின்னுமாக வரிசை பிறழ்ந்த தொடரை அது தொடாது. ‘ஸ்ரீ’ என்பதன் முதலெழுத்து சில கோப்புகளில் 3000 என்னும் எண்ணுடைய ஸகரமாகவும், வேறு சிலவற்றில் 2998 என்னும் எண்ணுடைய ஶகரமாகவும் இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தோன்றினும் தரம் இவற்றை நிகராகக் கொள்வதில்லை. பழைய பதிப்புகளின் பாட்டெண்களை உள்ளிடும்போது ‘௧’ என்னும் எண்ணும் ‘க’ என்னும் எழுத்தும், ‘௨’ என்னும் எண்ணும் ‘உ’ என்னும் எழுத்தும் இடம்மாறுவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத இணைப்பறு குறி சொல்லின் இடையே தங்கியிருப்பதும் வரியிறுதிக் குறி இயங்குதளத்திற்கேற்ப மாறுவதும் இதே இனத்தன. இத்தகைய வேறுபாடுகளை எண் தொடராக விரித்துக் காட்டும் கருவியின்றித் தமிழ் ஒட்டுகளைச் சோதிக்க முனைவது வீண்.

4. பொருந்தக் கூடாத இடத்தில் பொருந்துதல்

மறுக்கப்பட்ட ஒட்டு காலத்தை வீணாக்கும், பாடத்தைக் கெடுக்காது. ஏற்கப்பட்ட ஒட்டே கூடுதல் அச்சத்திற்குரியது.

அகப்பாடல் தொகையொன்றின் தரவுக்கோப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் பத்து வரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. முதல் இரு வரிகளில் பாட்டெண்ணும் முதற்குறிப்பும். அடுத்த மூன்றில் திணை, கூற்று, கேட்போர். ஆறாம் வரியில் ‘நிலை: சரிபார்க்கப்படவில்லை’ என்னும் குறிப்பு. பின் மூன்று வரிகளில் மூலம், அடிக்குறிப்பு, படிமம். பத்தாவது வெற்று வரி. ஒரு பாடலைச் சுவடியோடு ஒப்பிட்டு முடித்த ஆய்வாளர் ஆறாம் வரியை ‘சரிபார்க்கப்பட்டது’ என மாற்றி ஒட்டு அமைக்கிறார். சூழல் வரிகள் மூன்று முதல் ஐந்து வரையும் ஏழு முதல் ஒன்பது வரையுமாக அமையும். பாடலை இன்னதென அடையாளம் காட்டும் பாட்டெண்ணும் முதற்குறிப்பும் அச்சூழலில் இல்லை.

இதற்கிடையில் வேறொருவர் தொகையின் முற்பகுதியில் விடுபட்டிருந்த ஒரு பாடலைச் சேர்த்துவிடுகிறார். எல்லாம் பத்து வரி கீழிறங்குகின்றன. ஒட்டு குறிப்பிடும் வரி எண்ணில் இப்போது முந்தைய பாடலின் ஆறாம் வரி நிற்கிறது. அதுவும் குறிஞ்சி, தோழி கூற்று, தலைவன் கேட்போனாக அமைந்து, ஏனைய குறிப்புகளும் ஒத்திருந்தால் ஒட்டு சீராகப் பொருந்திவிடும். தளர்வு இல்லை, வரிப்பிறழ்வு கூட இல்லை. சோதனை முழு வெற்றியை அறிவிக்கும். ஒப்பிடப்படாத பாடல் ஒப்பிடப்பட்டதாகவும், ஒப்பிட்ட பாடல் ஒப்பிடப்படாததாகவும் களஞ்சியத்தில் நிலைபெறும். அப்பாடலை எடுத்தாளும் அடுத்த ஆய்வு அதனைச் சுவடிச் சான்றுடைய பாடமென்றே நம்பும்.

மூலநிரல்களிலும் ஒரே மாதிரியான வரிகள் மீள வருவதுண்டு. ஆயினும் அங்கே தவறாகப் பொருந்திய திருத்தம் பெரும்பாலும் தொகுப்பியிலோ இயக்கத்திலோ வெளிப்பட்டுவிடும். பாடத்திற்குத் தொகுப்பி இல்லை. பல்லவி மீளும் கீர்த்தனைகள், ஈற்றடி மீளும் பதிகங்கள், ஒரே வாய்பாட்டில் அமைந்த அகராதிப் பதிவுகள் ஆகியவற்றை வரியாக அடுக்கினால், மூன்று வரிச் சூழல் எத்துணை இடங்களுக்குப் பொதுவாகும் என்பதை எளிதில் உய்த்துணரலாம்.

இதற்குத் தீர்வு இருவகை. ஒட்டு அமைப்பவர் சூழல் வரிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். மேற்கண்ட கோப்பில் ஐந்து வரி வைத்தாலே பாட்டெண் சூழலுக்குள் வந்துவிடும், ஒட்டும் தவறான இடத்தை மறுக்கும். ஒட்டைப் பெறுபவர் ‘த்ரீ-வே’ என்னும் மும்முனை ஒப்பீட்டை நாடலாம். கிட் அமைக்கும் ஒட்டில் அது எந்த மூலப்படியிலிருந்து பிறந்தது என்னும் அடையாள எண் பதிந்திருக்கும். இயல்பான பொருத்தச் சோதனை அவ்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. மும்முனை முறையோ அம்மூலப்படியைக் களஞ்சியத்திலிருந்து மீட்டெடுத்து, அதிலிருந்து இரு படிகளும் எவ்வாறு பிரிந்தன எனக் கண்டு இணைக்கிறது. இரு ஏடுகளை மட்டும் ஒப்பிடுவதற்கும், அவற்றின் பொது மூலஏட்டையும் உடன்வைத்து ஒப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடே இது. பேட்ச் நிரல் வரிப்பிறழ்வைத் தானே அறிவிக்கும். கிட் கருவி விரிவான செய்தி கேட்டால் மட்டுமே அறிவிக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

5. சீராகப் பொருந்திய பிழை

உரிய இடத்திலேயே பொருந்தியும் ஒட்டு பிழையாக இருக்கலாம். ‘ஔவை’ என்பதை ‘ஒளவை’ என, ஒகரத்தை அடுத்து ளகரமிட்டுத் தட்டச்சிடும் வழக்கம் பரவலானது. ஔகார எழுத்தின் எண் 2964. ஒகரமும் ஔகார நீட்டக் குறியும் சேர்ந்த 2962, 3031 என்னும் தொடர் அதற்கு நிகரானது. இயல்பாக்கம் அதனை ஒன்றாக்கிவிடும். ஆனால் ஒகரமும் ளகரமும் சேர்ந்த 2962, 2995 என்னும் தொடர் நிகரானதன்று. ஆகவே இதனை இயல்பாக்கம் திருத்தாது. வேறொரு திருத்தம் தேவை.

நல்லெண்ணம் கொண்ட ஒருவர் ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ என மாற்றி ஒட்டு அமைக்கிறார் என்க. அவ்வொட்டு ஐயத்திற்கிடமின்றிச் சீராகப் பொருந்தும். ‘ஒளவை’, ‘ஒளடதம்’ ஆகியன திருந்தும். ‘ஒளி’யிலும் ‘ஒள்ளிய’ என்பதிலும் உள்ள ஒகர ளகரங்களும் அதே தொடராதலின் அவையும் மாறி, ஔகாரத்தின் மீது இகரக் குறியும் புள்ளியும் ஏறி நிற்கும். ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என உள்ளிட்டதைத் திருத்தப் புகுந்தால் ‘தெளிவு’, ‘கெளுத்தி’ ஆகியனவும் சிதையும்.

இங்குதான் பொருத்தச் சோதனைக்கு அடுத்த சோதனை தேவைப்படுகிறது. லினக்ஸ் கருநிரலுக்கு ஒட்டுத் தொடர் அனுப்புவோரிடம், தொடரின் ஒவ்வோர் ஒட்டிற்குப் பின்னரும் நிரல் முறையாகத் தொகுக்கப்பட்டு இயங்க வேண்டும் என அத்திட்டத்தின் வழிகாட்டி எதிர்பார்க்கிறது. பாடத்திற்குத் தொகுப்பி இல்லை என்றாலும் தமிழுக்கு இலக்கணம் உண்டு. உயிரெழுத்தின் மீது உயிர்க்குறி ஏறாது. புள்ளி மெய்க்கே உரியது. ஓர் உயிர்மெய்யில் இரு உயிர்க்குறிகள் அடுத்து வாரா. இவற்றை விலக்கின்றி ஒட்டை மறுக்கும் விதிகளாகவே நிரலில் எழுதலாம். தொல்காப்பிய நூன்மரபு கூறும் மெய்ம்மயக்கத்தையும் மொழிமரபு கூறும் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளையும் விதிகளாக்கலாம்; ஆனால் கடன்சொற்களும் இயற்பெயர்களும் அவற்றை மீறுமாதலின் அவை மறுப்பாக அன்றி எச்சரிக்கையாக மட்டுமே அமைதல் தகும். பழம்பாடத்தில் விதிமீறல்போல் தோன்றும் அரிய வடிவமே மூலபாடமாக இருக்கக் கூடும் என்பதைப் பதிப்பாசிரியர் மறத்தலாகாது.

6. பதிவதற்கு முன் கொள்ளத்தக்க ஒழுங்கு

முதலாவது, ஒட்டைச் சோதிக்கும் இடம் தூயதாக இருத்தல் வேண்டும். களஞ்சியத்தின் இற்றைப் படியிலிருந்து தற்காலிகக் கிளையோ தனிப் பணியடைவோ அமைத்து அதில் ஒட்டுகளை அவற்றின் வரிசையிலேயே பொருத்த வேண்டும். மூன்றாம் ஒட்டு இரண்டாம் ஒட்டின் சொல்லைச் சூழலாகக் கொண்டிருப்பின், தனித்துச் சோதித்தால் அது மறுக்கப்படும், அம்மறுப்பிற்குப் பொருளில்லை. ஓர் ஒட்டு முன்னரே பதியப்பட்டுவிட்டதா என்னும் ஐயம் எழுந்தால் அதனைத் தலைகீழாகச் சோதித்துப் பார்க்கலாம். தலைகீழ் வடிவம் சீராகப் பொருந்துமாயின் திருத்தம் ஏற்கெனவே பாடத்தில் உள்ளது.

பொருத்திய பின் வேறுபாட்டை மீண்டும் எடுத்து, வந்த ஒட்டோடு ஒப்பிட வேண்டும். மாறிய வரிகளின் எண்ணிக்கையும் பாட்டெண்ணும் அனுப்பியவர் கூறிய விளக்கத்தோடு ஒத்துள்ளனவா எனக் காண்பது சிறு பணிதான். நான்காம் பகுதியில் கண்ட பிழையை அதுவே வெளிக்கொணரும். உரைநடைப் பாடமாயின் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருப்பது இப்பணிக்குப் பெருந்தடை. ஒரு காற்புள்ளி மாறினும் பத்தி முழுவதும் மாறியதாகவே கருவி காட்டும். வாக்கியத்திற்கு ஒரு வரி எனக் கோப்பை அமைத்துக்கொள்வது பின்னர் வரும் எல்லாச் சோதனைகளையும் எளிதாக்கும்.

இயல்பாக்கத்தைப் பாடத் திருத்தத்தோடு கலத்தல் ஆகாது. அதனைத் தனியொரு பதிவாக, பிற மாற்றம் எதுவுமின்றி, ஒருமுறை செய்தல் வேண்டும். காரணம் பதிப்பியல் சார்ந்தது. எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதைக் கிட் கருவியின் ‘பிளேம்’ கட்டளை காட்டுகிறது. அச்சுப் பதிப்பில் பாடவேறுபாட்டுக் குறிப்பு செய்யும் பணியின் ஒரு பகுதியை மின்பாடத்தில் அதுவே செய்கிறது. இயல்பாக்கமும் திருத்தமும் ஒரே பதிவில் கலந்துவிட்டால் நூலின் பெரும்பாலான வரிகள் இயல்பாக்கம் செய்தவர் பெயரிலேயே நிற்கும். இருபது பேரின் ஒப்பீட்டு உழைப்பு அதன்கீழ் மறையும். 2019இல் வெளியான 2.23ஆம் பதிப்பு முதல், குறிப்பிட்ட பதிவுகளைப் புறக்கணித்து வரலாற்றைக் காட்டும் வசதி கிட்டில் உள்ளது. இயல்பாக்கம் தனிப் பதிவாக இருந்தால் மட்டுமே அவ்வசதி பயன்படும். கலந்து பதிந்துவிட்ட பின், உண்மையான பாடத் திருத்தம் எது, எண் தொடர் மாற்றம் எது என்பதை வரிவரியாக மனிதரே பிரித்தறிய வேண்டியிருக்கும்.